வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தாதீர்கள்: ஆர்சி ஹெலி விழுந்த பிறகு முதல் திருகிலிருந்து கடைசி ஹோவர் வரை

ஆர்சி ஹெலிகாப்டர், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன ஹெலி, விழுந்தால் முதலில் கண்ணில் படுவது உடைந்த பிளேடுதான். அப்புறம் மடங்கிய டெயில் பூம் (வால் குழாய்). பலர் இந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி திடலுக்கு வந்துவிடுகிறார்கள், ஹெலி தரையிலிருந்து எழும்பும் முன்பே ஸ்கிட் (தரையில் நிற்கும் கால்) நடுங்குகிறது, வால் துடுப்பு மங்கலாகத் தெரிகிறது, உடனே கைரோ (வாலை நிலையாக வைக்கும் கருவி) செட்டிங்கைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். செட்டிங்கில் ஒரு கோளாறும் இருக்காது. உள்ளே ஏதோ ஒரு ஷாஃப்ட், அதாவது தண்டு, முடி அளவு வளைந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் இங்கே சொல்லப்போவது எந்த ஷாஃப்ட் வளைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதை எப்படி வெளியே எடுப்பது, புதியதை எப்படி நேராக உட்கார வைப்பது என்பதைத்தான். வளைந்ததை நிமிர்த்துவது எப்படி என்று தேடி வந்திருந்தால், ஏன் கூடாது என்பதையும் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உதாரணங்களுக்கு 450 அளவு ஹெலியையே எடுத்துக்கொள்கிறேன் (450, 500, 700 என்பவை ஹெலியின் அளவுப் பெயர்கள், எண் கூடினால் ஹெலி பெரியது). அதைத்தான் நான் அதிகம் கழற்றி மாட்டியிருக்கிறேன், வேலை முறை 700 வரைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வளையக்கூடிய மூன்று

மெயின் ஷாஃப்ட் என்பது நடுவில் நிற்கும் தண்டு. கீழே மெயின் கியர், மேலே ரோட்டர் ஹெட். 450 அளவில் பெரும்பாலும் 5 மி.மீ. விட்டம், 500இல் 6 மி.மீ. இது வழக்கமாக வளையும் இடங்கள் இரண்டு: மேல் பேரிங்கை விட்டு வெளியே வரும் இடம், ஹெட்டை மாட்டும் போல்ட்டுக்காகக் குறுக்கே துளை போட்டிருக்கும் இடம். 

ஃபெதரிங் ஷாஃப்ட், பலர் ஸ்பிண்டில் என்றே சொல்வார்கள், ஹெட்டுக்குள் குறுக்காகப் படுத்திருக்கும் சின்னத் தண்டு. அதன் இரு முனையிலும் பிளேடு கிரிப் மாட்டியிருக்கும். பிளேடு தரையில் பட்டால் முதல் அடி இதற்குத்தான். பிளேடு நுனி புல்லை லேசாகத் தட்டினால்கூட இது வளைந்திருக்கலாம், மற்ற எல்லாம் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, டெயில் ஷாஃப்ட், வால் நுனியில் சின்ன பிளேடுகளைச் சுழற்றும் தண்டு. இது வளைந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் எல்லோரும் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

நடுக்கத்தை வைத்தே எது என்று ஓரளவு ஊகிக்கலாம். 450இல் ரோட்டர் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 47 தடவை. மெயின் ஷாஃப்டோ ஸ்பிண்டிலோ வளைந்திருந்தால் நடுக்கமும் அந்த வேகத்தில்தான் வரும், ஹெலி மொத்தமாக உதறும், ஸ்கிட் இரண்டு இரண்டாகத் தெரியும். டெயில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது, ஆகவே டெயில் ஷாஃப்ட் வளைந்தால் உதறல் இருக்காது, ரீங்காரம்தான், வால் துடுப்பின் ஓரம் மங்கலாகும், சில நேரம் கைரோ குழம்பி வால் தானாக நகரும். மெயின் ஷாஃப்டுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: கியர் சத்தம் ஒரே சீராக இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும்.

ஏன் நிமிர்த்தக்கூடாது

450இன் ஒரு கார்பன் பிளேடு சுமார் 30 கிராம். அதன் எடை மையம் நடுவிலிருந்து ஏறக்குறைய 19 செ.மீ. தள்ளி இருக்கிறது. 2800 சுற்றில் அந்த 30 கிராம் பிளேடு வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை அந்தச் சின்ன ஸ்பிண்டிலின் முனையில் கட்டித் தொங்கவிட்டது போல, அதுவும் இரண்டு பக்கமும். 700 அளவில் இதே கணக்கு 300 கிலோவைத் தாண்டும். பிளேடு நுனி மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் போகிறது. இவ்வளவையும் தாங்குவது ஸ்பிண்டிலின் முனையில் இருக்கும் மரையும் அதில் ஏறிய ஒரு சின்ன போல்ட்டும்தான்.

இந்தத் தண்டுகள் கடினப்படுத்தப்பட்ட எஃகு. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஷாஃப்ட் அதைவிடக் கடினமானது, அதனால் அதைவிடச் சீக்கிரம் விரிசல் விடும். குறுக்குத் துளையின் ஓரம், மரையின் அடி, விட்டம் மாறும் படி, இந்த இடங்களில்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். சூடாக்கி நிமிர்த்தலாமே என்றால், சூடு கடினத்தன்மையையே எடுத்துவிடும். அப்புறம் அது எஃகு நிறத்தில் இருக்கும் மெத்தென்ற கம்பி.

நான் ஒருமுறை நிமிர்த்தினேன். கையில் வேறு ஸ்பிண்டில் இல்லை, மறுநாள் விடுமுறை, பறக்க ஆசை. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, கண்ணாடியில் உருட்டிப் பார்த்து, நேராகிவிட்டது என்று எனக்கே நம்பிக்கை வரும்வரை செய்தேன். நாலு பேட்டரி நன்றாகவே பறந்தது. ஐந்தாவதில், முகத்துக்கு நேர் உயரத்தில் ஹோவர் செய்துகொண்டிருந்தபோது (ஒரே இடத்தில் நிறுத்திப் பறக்கவிட்டபோது) ஒரு சத்தம், ஒரு பிளேடு கிரிப்போடு கழன்று பறந்து முப்பது மீட்டர் தள்ளிப் புல்லில் செருகி நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திடலில் ஒரு அண்ணன், கப்பல் பட்டறையில் பல வருஷம் மெஷினிஸ்ட் வேலை பார்த்தவர், முறிந்த துண்டைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதை நீ நிமிர்த்துனியா?”

“ஆமாண்ணே.”

“இங்க பாரு. மரையோட அடியில முறிஞ்சிருக்கு. இந்தப் பாதி கறுத்துப் போய் மங்கலா இருக்கு, இந்தப் பாதி பளபளன்னு இருக்கு. கறுத்தது முன்னாடியே விரிஞ்சது. பளபளப்பு இப்ப முறிஞ்சது.”

அந்த மங்கலான பாதியைப் பார்த்த பிறகு நான் ஒரு ஷாஃப்டைக்கூட நிமிர்த்தியதில்லை. 450க்கு ஒரு மெயின் ஷாஃப்டின் விலை இங்கே சிங்கப்பூரில் கோப்பிக் கடையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் செலவுதான் வரும். ஸ்பிண்டில் அதைவிடவும் குறைவு.

என்னென்ன வேண்டும்

நல்ல ஹெக்ஸ் ஸ்குரூடிரைவர்கள், 1.5, 2, 2.5 மி.மீ. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், தரமில்லாத டிரைவர் போல்ட்டின் தலையை உருட்டிவிட்டால் அப்புறம் ஷாஃப்டைக் கழற்றுவதைவிட அந்த போல்ட்டைக் கழற்றுவது பெரிய வேலை. 5 அல்லது 6 மி.மீ. தடிமனான, மேடு பள்ளம் இல்லாத கண்ணாடித் துண்டு. மைக்ரோவேவ் தட்டு வேண்டாம், அது சமதளமாக இருக்காது. நீல நிற திரெட்லாக் (திருகு கழலாமல் மரையில் போடும் பசை), லாக்டைட் 243 போல நடுத்தர வலுவுள்ளது. பால் லிங்க்கை (பந்தில் மாட்டும் இணைப்புக் கம்பி) கழற்றும் பிளையர், டிஜிட்டல் காலிப்பர், பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கிரீஸ். நூறில் ஒரு மி.மீ. காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் இருந்தால் மிக நல்லது, இல்லாமலும் செய்யலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சிம் லிம் டவரிலும் ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் ஒரு நடையில் வாங்கிவிடலாம்.

கழற்றுவதற்கு முன்

திடலிலேயே செய்ய வேண்டியது: பேட்டரியை எடுத்துத் தனியாக வையுங்கள். அடிபட்ட லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) உடனேயும் எரியலாம், பத்து இருபது நிமிஷம் கழித்து வீங்கியும் எரியலாம். காருக்குள்ளோ பைக்குள்ளோ போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறாதீர்கள். அரை மணி நேரம் திறந்தவெளியில் வைத்துப் பார்த்த பிறகு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெயின் பிளேடு, டெயில் பிளேடு இரண்டையும் கழற்றிவிடுங்கள். அடிபட்ட கார்பன் பிளேடை நன்றாக இருக்கிறதே என்று மறுபடி மாட்ட வேண்டாம். அதன் அடியில், போல்ட் துளை பக்கம், லேசாக வளைத்துப் பாருங்கள், முறுமுறு சத்தம் வந்தால் அதன் கதை முடிந்தது.

பிறகு ஹெட்டின் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். எந்த லிங்க் எந்தப் பந்தில், எந்தப் பக்கம் எழுத்து வெளியே பார்த்திருக்கிறது, வாஷர் எத்தனை, எல்லாம். ஞாபகத்தை நம்பி நான் இரண்டு தடவை டாம்பர் (ஹெட்டுக்குள் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) ஓரத்து வாஷரை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

கழற்றாமலே ஒரு சோதனை. ஃபிரேமில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை மெயின் ஷாஃப்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வளைத்து வையுங்கள், மேல் பேரிங்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில். ஹெட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முனைக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. டயல் கேஜ் இருந்தால் அதே இடத்தில் வைத்து ஒரு முழுச் சுற்று. முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை நினைவில் வையுங்கள். 450இல் முள் 0.03 மி.மீ.க்குள் ஆடினால் நான் விட்டுவிடுவேன், 0.05ஐத் தாண்டினால் மாற்றிவிடுவேன். இது என் கைக்கணக்கு, பல வருஷம் இதில் எனக்குத் தொல்லை வந்ததில்லை.

ஸ்பிண்டில்

முதலில் இதையே எடுங்கள், ஏனென்றால் ஹெட் ஷாஃப்டில் மாட்டியிருக்கும்போதுதான் பிடித்துக்கொள்ள வசதி. இரண்டு கிரிப்பின் வெளிப்பக்கமாக இரண்டு டிரைவரை விட்டுத் திருப்பினால் ஏதோ ஒரு பக்கம் மட்டும் கழலும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கழன்ற பக்கத்துக் கிரிப்பை உருவிவிட்டு, மறுபக்கக் கிரிப்போடு ஸ்பிண்டிலை இழுத்தால் ஹெட்டிலிருந்து வந்துவிடும். வராவிட்டால் அது நன்றாகவே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுங்கள், சுத்தியல் எடுக்காதீர்கள். ஹெட்டின் அலுமினியத் துளை நெளிந்துவிட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

கிரிப்புக்குள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு இரண்டு சாதாரண பேரிங்கும் ஒரு திரஸ்ட் பேரிங்கும் இருக்கும். திரஸ்ட் பேரிங் என்றால் இரண்டு வளையத்துக்கு நடுவே உருண்டைகள் வரிசையாக இருக்கும் கூடு. ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுங்கள். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் துணியில் அடுக்குங்கள்.

இப்போது கண்ணாடி. அதை மேசை ஓரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு விளக்கைத் தாழ்வாக வையுங்கள், வெளிச்சம் கண்ணாடியின் மட்டத்திலேயே உங்கள் முகத்தைப் பார்த்து வர வேண்டும். ஸ்பிண்டிலை ஆல்கஹாலால் துடைத்துக் கண்ணாடியில் வைத்து, உங்கள் கண்ணையும் மேசை மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு விரலால் மிக மெதுவாக உருட்டுங்கள். நேரான ஸ்பிண்டில் என்றால் அதன் அடியில் ஒரு கறுப்புக் கோடு, எவ்வளவு உருட்டினாலும் அதே கோடு. வளைந்தது என்றால் ஒரு இடத்தில் அடியில் வெள்ளிக் கீற்று போல வெளிச்சம் திறக்கும், அரைச் சுற்றில் மூடும், மறுபடி திறக்கும். அந்தக் கீற்று எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஸ்பிண்டில் குப்பைக்குத்தான். உருளும்போது காதையும் கொடுங்கள், நேரானது ஒரே சீராக ஸ்ஸ் என்று உருளும், வளைந்தது டிக், டிக் என்று தட்டும்.

நான் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் இரவில் கூரை விளக்கை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்வேன். அது எரிந்தால் கீற்று தெரியாது.

புதிய ஸ்பிண்டிலையும் இதேபோல உருட்டிப் பாருங்கள். உறையிலிருந்து வந்தது என்பதற்காக நேராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் தவறவே கூடாது. திரஸ்ட் பேரிங்கின் இரண்டு வளையமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் உள்துளை ஒரு துளி பெரியது. ஸ்பிண்டிலில் போட்டுப் பார்த்தால் ஒன்று ஒட்டி நிற்கும், ஒன்று லொடலொடக்கும். துளை பெரிய வளையம் ஹெட் பக்கம், உள்ளே. துளை சிறிய வளையம் வெளியே, போல்ட் பக்கம். பள்ளம் இரண்டும் உருண்டைகளைப் பார்த்திருக்க வேண்டும், கூட்டில் கிரீஸ் நிறைய. மாற்றிப் போட்டால் கையில் நன்றாகவே திரும்பும், ரோட்டர் சுற்றி 50 கிலோ இழுக்கும்போது இறுகிக்கொள்ளும், சர்வோ (பிளேடின் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்) திணறும்.

ஹெட்டுக்குள் இருக்கும் ரப்பர் டாம்பரையும் இப்போதே பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கிரிப் போல்ட்டின் மரையிலும் ஸ்பிண்டிலின் மரையிலும் பழைய திரெட்லாக்கை ஆல்கஹாலால் சுத்தமாக எடுத்துவிட்டு, புதிதாக ஒரு சிறு துளி போட்டு இறுக்குங்கள். பேரிங்குக்குள் திரெட்லாக் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பின் கிரிப் தன் எடையாலேயே சாய வேண்டும்.

மெயின் ஷாஃப்ட்

ஸ்வாஷிலிருந்து (ஷாஃப்டைச் சுற்றி இருந்து பிளேடின் கோணத்தை மாற்றும் தட்டு) ஹெட்டுக்குப் போகும் லிங்க்குகளைக் கழற்றுங்கள். ஹெட்டை ஷாஃப்டோடு பிணைக்கும் குறுக்கு போல்ட்டை எடுத்து, ஹெட்டை இடமும் வலமுமாகத் திருப்பியபடியே மேலே இழுங்கள். துளை ஓரத்தில் பிசிர் ஏறியிருந்தால் கொஞ்சம் அடம்பிடிக்கும். அப்புறம் ஸ்வாஷை மேலே உருவுங்கள்.

அடுத்து கீழே. மெயின் கியரின் குறுக்கு போல்ட், அதன் நட், பிறகு ஷாஃப்ட் காலர் (ஷாஃப்ட் மேலும் கீழும் நகராமல் பிடிக்கும் வளையம்). காலரின் சின்னத் திருகுகள் திரெட்லாக்கில் ஊறிப் போயிருக்கும், சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் பத்துப் பதினைந்து விநாடி வைத்தால் திரெட்லாக் இளகிவிடும், உடனே டிரைவரை நேராக அழுத்திக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் கியர் பக்கத்தில் இருக்கிறது, சூடு அங்கே போகாமல் கவனம்.

ஷாஃப்டை எந்தப் பக்கம் இழுப்பது என்பதில்தான் நிறையப் பேர் பேரிங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வளைவு பெரும்பாலும் மேல் பேரிங்குக்கு மேலே. எனவே மேலே இழுங்கள், அப்போது வளைந்த பகுதி எந்தப் பேரிங்குக்குள்ளும் நுழையாது. கீழே தள்ளினால் வளைந்த இடம் மேல் பேரிங்கில் சிக்கி, நீங்கள் கொடுக்கும் பலம் முழுக்க உருண்டைகள் மேல் இறங்கும். காலர் திருகு கடித்த இடத்திலும் பிசிர் இருக்கும், அது மேலே வரும் வழியில் பேரிங்கைச் சுரண்டும். இழுக்கும் முன் அந்தப் பிசிரை மெல்லிய எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிட்டு, பொடியைத் துடைத்துவிட்டு இழுங்கள்.

வெளியே வந்ததைக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். வெளிச்சம் எந்த இடத்தில் திறக்கிறது என்று பார்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கீழ்ப்பகுதியில், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வளைந்திருந்தால், அடி பலமாக இருந்திருக்கிறது, ஃபிரேமும் நகர்ந்திருக்கும்.

ஒவ்வொரு பேரிங்கிலும் சுண்டு விரல் நுனியை விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைவது போல இருந்தாலோ ஓரிடத்தில் நின்று நின்று போனாலோ மாற்றுங்கள்.

இனி வருவதுதான் இந்த முழு வேலையிலும் மிக முக்கியமானது. ஹெலியைக் கையில் பிடித்து, புதிய ஷாஃப்டைத் துடைத்து, வேறெதுவும் மாட்டாமல், மேல் பேரிங் வழியாக விடுங்கள். அது தன் எடையால் மெதுவாக இறங்கி இரண்டாவது பேரிங்குக்குள்ளும் தானாகப் போக வேண்டும். தள்ள வேண்டியிருந்தால் பேரிங் பிளாக்குகள் (பேரிங்கைப் பிடிக்கும் கட்டைகள்) ஒரே கோட்டில் இல்லை, விழுந்தபோது ஃபிரேம் கோணலாகியிருக்கிறது. அப்படியே தள்ளி மாட்டினால் புதிய ஷாஃப்டை நீங்களே வளைத்து ஓட்டுகிறீர்கள், மூன்றாவது நாள் மறுபடி நடுக்கம் வரும், ஷாஃப்ட் தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

இதைச் சரிசெய்ய, பேரிங் பிளாக்குகளைப் பிடிக்கும் ஃபிரேம் திருகுகள் எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். ஷாஃப்டை உள்ளே விடுங்கள். ஹெலியைக் கண்ணாடியின் மேல் ஸ்கிட்டோடு நிறுத்தி நாலு பக்கமும் ஒரே மட்டமா என்று பாருங்கள். ஷாஃப்டை விரலால் சுற்றிக்கொண்டே ஒரு திருகு இந்தப் பக்கம், ஒரு திருகு எதிர் மூலை என்று கால் கால் சுற்றாக இறுக்குங்கள். எந்தத் திருகை இறுக்கும்போது சுற்று கனமாகிறதோ அங்கே நிறுத்தி, தளர்த்தி, மறுபடி வாருங்கள். எனக்கு இதற்கு ஒரு மணி நேரம் போன நாள் உண்டு. முடிந்ததும் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து திரெட்லாக் போட்டு அதே இடத்தில் இறுக்கிவிடுங்கள்.

திரெட்லாக் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும், நைலான் வளையம் உள்ள நட்டுக்குத் தேவையும் இல்லை. அந்த நைலான் நட்டைப் பல தடவை பயன்படுத்தினால் பிடிப்பு போய்விடும், விரலாலேயே போல்ட்டின் கடைசி வரை திருக முடிந்தால் புதியது போடுங்கள்.

பிறகு கியர், ஷாஃப்ட், குறுக்கு போல்ட், காலர். காலரை இறுக்கும்போது ஒரு கையால் ஷாஃப்டை மேலே இழுத்துப் பிடித்து, மறு கையால் காலரை பேரிங்கோடு அழுத்தி, அந்த நிலையிலேயே திருகுங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினால் அசைவு இருக்கக்கூடாது, சுற்றினால் கனமும் இருக்கக்கூடாது.

மோட்டார் பினியனுக்கும் (மோட்டார் முனையில் இருக்கும் சின்ன கியர்) மெயின் கியருக்கும் நடுவே ஒரு சாதாரண எழுத்துத் தாள் துண்டை விட்டுச் சுற்றுங்கள். தாள் மடிந்து மடிந்து வெளியே வர வேண்டும், கிழியக்கூடாது. முழுச் சுற்றும் பாருங்கள், பாதியில் இறுகிப் பாதியில் தளர்ந்தால் கியர் நெளிந்திருக்கிறது, அல்லது பினியன் மாட்டியிருக்கும் மோட்டார் ஷாஃப்டே வளைந்திருக்கிறது. மோட்டாரைத் தனியாகச் சுற்றி பினியன் முனையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

டெயில்

இங்கே அதிகம் சொல்ல எதுவும் இல்லை. டெயில் ஹப்பின் சின்னத் திருகைச் சூடாக்கிக் கழற்றி, ஷாஃப்டை உருவி, அதே கண்ணாடியில் உருட்டுங்கள். டெயில் கிரிப்புக்குள்ளும் திரஸ்ட் பேரிங் இருந்தால் அதற்கும் மேலே சொன்ன அதே வரிசைதான். பிட்ச் ஸ்லைடர் (நகர்ந்து வால் பிளேடின் கோணத்தை மாற்றும் உருளை) புதிய ஷாஃப்டின் மேல் ஊதினால் நகரும் அளவுக்கு லேசாக ஓட வேண்டும். ஹப் திருகின் நுனி ஷாஃப்டில் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று உறுதி செய்யுங்கள்.

பழைய மாடலுக்கு ஷாஃப்ட் கிடைக்கவில்லை என்றால்

உற்பத்தி நின்றுபோன ஹெலி வைத்திருப்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, நிமிர்த்தும் ஆசை அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. லீனியர் பேரிங்குக்கான தேய்த்து முடித்த எஃகுத் தண்டு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. h6 அளவு என்று கேளுங்கள். 5 மி.மீ. தண்டில் அது 4.992க்கும் 5.000க்கும் இடையில் இருக்கும், பேரிங்குக்குள் சரியாகப் போகும். குறுக்குத் துளையைக் கையால் போட நினைக்காதீர்கள், மேற்பரப்பு கடினம், சாதாரண டிரில் பிட் வழுக்கிவிடும், துளை மையம் தப்பினால் ஹெட்டே கோணலாக நிற்கும். பழைய ஷாஃப்டை மாதிரிக்குக் கொடுத்து ஒரு லேத் பட்டறையில் கார்பைட் பிட்டால் போடச் சொல்லுங்கள். இது மெயின் ஷாஃப்டுக்கு மட்டும். ஸ்பிண்டிலை இப்படிச் செய்து பறக்கவிடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மறுபடி பறக்கும் முன்

திரெட்லாக் முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். மாலை முடித்துவிட்டு மறுநாள் காலையிலேயே பறக்க வேண்டாம், ஒரு நாள் முழுதாக விடுங்கள்.

முதல் சுற்று பிளேடு இல்லாமல். வீட்டிலேயே செய்யலாம், டெயில் பிளேடையும் எடுத்துவிட்டு, ஹெலியை மேசையில் இறுகப் பிடித்து, ஒரு நிமிஷம் வரை மெதுவாக வேகத்தை ஏற்றுங்கள். விரலில் ரீங்காரம் எதுவும் தெரியக்கூடாது. இங்கேயே நடுங்கினால் பிளேடு மேல் பழி இல்லை, மறுபடி கழற்ற வேண்டியதுதான். அப்புறம் ஸ்வாஷ் மட்டமாக இருக்கிறதா, ரிமோட்டின் குச்சி நடுவில் இருக்கும்போது பிட்ச் (பிளேடின் கோணம்) பூஜ்யமா என்று பார்த்துவிடுங்கள், லிங்க்கைக் கழற்றி மாட்டியதில் மாறியிருக்கலாம்.

பிளேடு மாட்டியது எதையும் வாய்ட் டெக்கிலோ (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) காரிடாரிலோ புளோக் பக்கத்துப் புல்வெளியிலோ சுற்றிப் பார்க்காதீர்கள். பிளேடு நுனியின் வேகம் மேலே சொன்னேன், அந்த வழியாகப் பிள்ளைகள் நடமாடுகிறார்கள். சட்டமும் இருக்கிறது: 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 450 ஹெலியே இதைத் தாண்டிவிடும். 1.5 கிலோவுக்கு மேல் என்றால் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். விமானத் தளத்திலிருந்து 5 கி.மீ.க்குள்ளும், கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலும் அனுமதியில்லாமல் பறக்கக்கூடாது. திடலுக்குக் கிளம்பும் முன் அன்றைய தடைப் பகுதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திடலில் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, ரோட்டர் சுற்றும் வட்டத்தின் மட்டத்தில் ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, வேகத்தை ஏற்றுங்கள். இரண்டு பிளேடும் ஒரே கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் தரையிறக்கி ஒரு லிங்க்கை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திருத்துங்கள். இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிஷம் ஹோவர், இறக்கம். பிளேடு போல்ட், ஹெட் போல்ட், காலர், மூன்றையும் தொட்டுப் பாருங்கள், மோட்டாரும் பேரிங் பிளாக்கும் சூடா என்று கை வைத்துப் பாருங்கள். பேரிங் பிளாக் சூடாக இருந்தால் கோடு இன்னும் சரியாகவில்லை. இதே சோதனையை முதல் மூன்று பேட்டரிக்கும் செய்யுங்கள். அதன் பிறகுதான் நான் வேகமாகப் பறப்பேன்.

கையிருப்பில் இரண்டு மெயின் ஷாஃப்ட், மூன்று ஸ்பிண்டில், ஒரு டெயில் ஷாஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள், வெளியூரிலிருந்து வரக் காத்திருக்கும் நாட்களில்தான் வைஸைத் திறக்கும் ஆசை வருகிறது. இங்கே காற்றிலிருக்கும் ஈரத்துக்கு, உறையைப் பிரித்து மேசை இழுப்பறையில் போட்ட ஷாஃப்டில் சில மாதத்திலேயே துருப் புள்ளி வந்துவிடும், பேரிங் உட்காரும் இடத்தில் வந்தால் அதைப் பயன்படுத்த முடியாது. லேசாக எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு, ஒவ்வொரு பையின் மேலும் எந்த ஹெலிக்கு என்று எழுதி வையுங்கள். வளைந்த பழைய ஷாஃப்டை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். நான் அதன் நடுவில் சிவப்பு மார்க்கரால் ஒரு குறுக்குக் கோடு போட்டு அன்றைக்கே எறிந்துவிடுகிறேன்.